மூன்றெழுத்து எடுபிடி

ஆங்கிலத்தில் நீளமான சொற்களைக் கண்டு பயப்பட வேண்டியதே இல்லை. 'ரைனோசரஸ்' என்ற சொல்லுக்குப் பத்து எழுத்து. பார்க்கக் கொஞ்சம் மிரட்டும். ஆனால் காண்டாமிருகம் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், ஆயுசுக்கும் அது காண்டாமிருகம்தான். நாளைக்கே வினைச்சொல்லாக மாறி வந்து நம்மை முட்டாது. பயப்பட வேண்டியதெல்லாம் இத்தனூண்டு சொற்களைக் கண்டுதான். கெட், புட், ரன் என்று ஒரு கூட்டமே இருக்கிறது. அதில் என்னை அதிகம் படுத்தியது 'செட்'.

கல்யாண வீடுகளில் ஒரு பையன் இருப்பான். "தம்பி" என்று யார் குரல் கொடுத்தாலும் ஓடுவான். வாழையிலை நறுக்குவது, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்குவது, மாப்பிள்ளையின் தொலைந்த செருப்பைத் தேடுவது எல்லாம் அவன் தலையில்தான் விடியும். முனைவர் பட்டம் வாங்கிய பெரியப்பாவோ பட்டு வேட்டியோடு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். அவரிடம் யாரும் டீசல் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் அந்தப் பையன்தான் 'செட்'. மாட்டேன் என்று சொல்லத் தெரியாத சொல்.

அது பார்க்கிற உத்தியோகங்களைக் கேளுங்கள். தமிழில் சூரியன் மறையும், தயிர் உறையும், சிமென்ட் இறுகும், முறிந்த எலும்பு கூடும். ஆசாரி கல் பதிப்பார், வாத்தியார் வினாத்தாள் தயாரிப்பார், இசையமைப்பாளர் பாட்டுக்கு மெட்டுப் போடுவார், அச்சகத்தில் எழுத்துக் கோப்பார்கள். நாம் ஆளுக்கு ஒரு வினைச்சொல் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். ஆங்கிலேயர் சிக்கனக்காரர்; அத்தனைக்கும் 'செட்' ஒன்றுதான். கப்பலில் கிளம்பினாலும் அதுதான், வீட்டைக் கொளுத்தினாலும் அதுதான், கைதியை விடுதலை செய்தாலும் அதுதான்.

இந்தச் சுமையை ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1928-இல் நிறைவடைந்த முதல் பதிப்பில் இந்த வினைச்சொல்லுக்கு 154 பிரிவுகள். கடைசிப் பிரிவான 'செட் அப்'புக்கு உட்பிரிவு போட ஆரம்பித்தவர்களுக்கு ஏ முதல் இசட் வரை இருந்த எழுத்தெல்லாம் தீர்ந்துபோய், மறுபடியும் இரட்டை எழுத்தாகப் போட வேண்டி வந்தது. 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'செட்'டுக்கு 430 பொருள், விளக்கம் மட்டும் ஏறக்குறைய 60,000 சொற்கள். அவ்வளவு சொற்களில் நம் ஆட்கள் ஒரு நாவலை முடித்து, வெளியீட்டு விழாவுக்கு மண்டபமும் பார்த்திருப்பார்கள்.

தனியாக இருக்கும்போதாவது பரவாயில்லை. வாலில் ஒரு குட்டிச்சொல் ஒட்டிக்கொண்டால் ஆளே மாறிவிடும். 'செட் ஆஃப்' என்றால் பயணம் கிளம்புவது, பட்டாசு வெடிப்பது, வருமான வரிக் கணக்கில் லாபத்திலிருந்து நட்டத்தைக் கழிப்பது. மூன்றுக்கும் என்ன உறவு என்று ஆடிட்டருக்குத்தான் வெளிச்சம். 'செட் அபவுட்' என்றால் ஒரு வேலையைத் தொடங்குவது. பிரிட்டனில் ஆளைப் போட்டு அடிப்பதும் அதுவே. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகன் ஒருநாள் ஆங்கிலப் பேப்பரோடு வந்தான்.

"மாமா, 'செட் அசைட்'னா என்ன?"

"எடுத்து வைக்கிறதுடா. காலேஜ் படிப்புக்குப் பணம் எடுத்து வைக்கிறோம்ல, அந்த மாதிரி."

"அப்ப கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பை ஹைகோர்ட்டு செட் அசைட் பண்ணுச்சுன்னு போட்டிருக்கே, பத்திரமா எடுத்து வெச்சுக்கிச்சா?"

"இல்லடா, ரத்து பண்ணிடுச்சு."

பையன் கொஞ்ச நேரம் யோசித்தான். "என் காலேஜுக்கு அம்மா பணம் செட் அசைட் பண்ணியிருக்கிறதா சொன்னாங்களே, அது எந்த செட் அசைட்?"

"அது உன் அரைப் பரீட்சை மார்க்கைப் பொறுத்தது" என்று சொல்லி அனுப்பினேன்.

இத்தனைக்கும் இது காலத்துக்கேற்ப உடை மாற்றும் வினையும் இல்லை. 'கோ, வென்ட், கான்' என்று பள்ளியில் ராகம் போட்டுப் படித்தோமே, அங்கே போனது போலவாவது ஒரு அடையாளம் இருந்தது. இதுவோ 'செட், செட், செட்'. நேற்று மேசையில் தட்டு வைத்தேனா, தினமும் வைக்கிறேனா என்பது கேட்பவரின் ஊகத்துக்கு.

பூர்வீகத்தைத் தோண்டினால் கதை எளிமையானது. 'சிட்' என்றால் உட்கார். 'செட்' என்றால் உட்காரவை. அதன் மூல வேலை அவ்வளவுதான். பிறகு எது எதை உட்காரவைக்கலாம் என்று யோசித்துக்கொண்டே போய், கல், எலும்பு, தயிர், கடைசியில் சூரியன் வரைக்கும் உட்காரவைத்துவிட்டார்கள். நம் செட் தோசைக்கு மட்டும் இந்தக் குடும்பத்தோடு ரத்த உறவு கிடையாது. தொகுதி என்ற பொருளில் வரும் 'செட்' லத்தீனில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்த வேறொரு சொல். வந்த இடத்தில் ஒரே முகஜாடையாக இருக்கவே, சொந்தக்காரன் என்று பந்தியில் உட்கார்ந்துவிட்டது.

ஆங்கிலேயர் போன பிறகாவது இந்த 'செட்' பையனுக்கு ஓய்வு கொடுத்தோமா? இல்லை. "அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது", "இந்தச் சட்டை உனக்குச் செட் ஆகுது", "கான்கிரீட் செட் ஆகட்டும், அப்புறம் தண்ணி ஊத்துங்க" என்று நம் பங்குக்கும் ஏற்றினோம். பெண் பார்த்துவிட்டு வந்த வீட்டில் காரணமே சொல்லாமல் "செட் ஆகலை" என்றால், ஜாதகத்தில் தொடங்கி பஜ்ஜி வரைக்கும் எல்லாம் அதில் அடக்கம். 'செட்டப்' கதைதான் விபரீதம். எங்கள் மாமா ஒருவர் குடும்ப விசேஷத்தில், தன் மகன் தனித்தொழில் தொடங்கிய பெருமையை, "பையன் துபாய்ல தனியா ஒரு செட்டப் வெச்சிருக்கான்" என்று அறிவித்தார். பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவரின் கையே நின்றுவிட்டது. மருமகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். அவளைச் சமாதானப்படுத்த அத்தைக்கு இரண்டு வாரம் பிடித்தது.

பொருள் கணக்கில் இப்போது 'செட்' முதலிடத்தில் இல்லை. 'ரன்' முந்திவிட்டது, அகராதியின் புதிய திருத்தத்தில் அதன் வினை வடிவத்துக்கு மட்டும் 645 பொருள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியர் இந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார். 'ரன்' முந்தியதற்கு எந்திரங்கள் வந்ததுதான் காரணம் என்று 2011-இல் எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் எழுதினார். மோட்டார் ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, கணினியில் நிரலும் ஓடுகிறது. உட்காரவைத்த காலம் போய், ஓடவைக்கும் காலம் வந்துவிட்டது.

ஆங்கிலத்தைப் பார்த்து நாம் சிரிக்கலாம், ஆனால் ரொம்பச் சத்தமாக வேண்டாம். நம் வீட்டிலும் 'போடு' என்று ஒருவன் இருக்கிறான். கோலமும் போடுவோம், சண்டையும் போடுவோம். சோறு போட்டவனுக்கே நாமமும் போடுவோம். ஆடு குட்டி போடும், அரசு சாலை போடும், நர்ஸ் ஊசி போடுவார், ரவுடி ஆளையே போட்டுவிடுவான். அவனுக்கு முழுசாகப் பொருள் எழுத யாராவது முன்வந்தால் அவர் படப்போகும் பாடு எனக்கு இப்போதே தெரிகிறது. அலுவலகத்துக்கு லீவு போட்டு, பாயைப் போட்டு, கண்ணாடியைப் போட்டு, கணக்குப் போட்டுப் பார்த்து, கிறுக்கியதையெல்லாம் கிழித்துப் போட்டு, கடைசியில் ஒரு முடிவுக்கு வருவார்: முதலில் ஒரு தூக்கம் போடலாம்.