துரு வாங்கிய கதை

எங்கள் அப்பா இரும்பில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ள 38 வருஷம் சம்பளம் வாங்கினார். நான் போன மாதம் துரு வாங்கினேன். ஸ்பெயின் தேசத்துத் துரு, 35 மில்லி, கண்ணாடி பாட்டிலில். விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள். லேபிளில் ‘வெளிர் துரு’ என்று போட்டிருந்தது. வெளிர் இருந்தால் அடர் இல்லாமலா? அதையும் வாங்கினேன்.

அப்பாவுக்கு ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை. பெயின்ட் ஷாப். 1966-ல் சேர்ந்தார். முந்தின வருஷக் கடைசியில்தான் அங்கே முதல் விஜயந்தா டாங்கி தயாராகி வெளியே வந்திருந்தது. இங்கிலாந்தின் விக்கர்ஸ் கம்பெனி போட்ட வடிவம். ஏறக்குறைய 39 டன், 105 மில்லிமீட்டர் பீரங்கி, உள்ளே நாலு பேர். 1980கள் வரை 2,000-க்கும் மேல் இறங்கின. அதில் எத்தனைக்கு அப்பா பச்சை அடித்தார் என்று அவரும் சொன்னதில்லை, எங்களுக்கும் கேட்கத் தைரியம் இருந்ததில்லை.

(ஆவடி என்பதே ஏதோ ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள், கவச வாகனங்களை வைத்து வந்த பெயர் என்று எங்கள் பக்கம் ஓர் ஐதீகம் உண்டு. நானும் நாற்பது வயது வரை பலருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். டாங்கித் தொழிற்சாலை வந்தது 1961-ல். 1955-லேயே காங்கிரஸ் மகாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்டது இதே ஆவடியில். முதலெழுத்துகள் ஆறு வருஷம் முன்னாடியே வந்து இடம்பிடித்துக் காத்திருந்தன போலும்.)

அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் டாங்கி ரகசியம். சத்தம் மட்டும் ரகசியமில்லை. சோதனை ஓட்டத்துக்கு எடுக்கும் நாட்களில் சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருப்பார். “என்னப்பா சத்தம்?” என்றால், “என்ன சத்தம்?” என்பார்.

பத்து வயதில் ஒரு முறை சினிமாவுக்குப் போனபோது, படத்துக்கு முன்னால் ஓட்டும் நியூஸ் ரீலில் டில்லி குடியரசு தின அணிவகுப்பு வந்தது. வரிசையாக விஜயந்தா. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சக்கரம் எண்ணினேன். ஒரு பக்கத்துக்கு ஆறு. வீடு திரும்பும்போது சைக்கிள் பாரில் உட்கார்ந்தபடி, “அப்பா, நம்ம டாங்கிக்கு ஆறு சக்கரம்தானே?” என்றேன். அப்பா சைக்கிளை நிறுத்தினார். ரோட்டில் முன்னும் பின்னும் பார்த்தார். “அதெல்லாம் எண்ணக் கூடாது” என்றார். நாடு முழுக்கத் தியேட்டரில் காட்டிய ஆறு சக்கரத்தை எங்கள் வீடு மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அதனால் நானே ஒரு டாங்கி செய்ய வேண்டியதாயிற்று. அம்மாவின் தையல் மெஷினில் தீர்ந்துபோன மர நூல்கண்டு. இரண்டு ஓரத்திலும் பிளேடால் பல் வெட்டினேன். நடு ஓட்டையில் ரப்பர் பேண்டைக் கோத்து, ஒரு பக்கம் ஒடித்த தீக்குச்சியால் நிறுத்தி, மறுபக்கம் மெழுகுவர்த்தித் துண்டை வில்லையாக வைத்து, அதற்கு வெளியே நீளமாக ஒரு பென்சில். பென்சிலைச் சுற்றி முறுக்கேற்றித் தரையில் விட்டால் டாங்கி அவசரமே இல்லாமல் நகரும். பாடப்புத்தகத்தின் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும். நான் அந்தப் புத்தகத்தை அப்படியாவது தொட்டேன் என்று அம்மா சொல்வாள்.

ஜன்னலுக்கு அடித்து மிச்சமிருந்த பச்சை எனாமலை எடுத்து அதற்குப் பூசினேன். மிட்டாய் மாதிரி மின்னியது. ஓரத்தில் இரண்டு துளி வழிந்து உறைந்திருந்தது. அப்பா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் பேண்டின் சூட்சுமம், மெழுகின் வழுக்கல் எதுவும் அவர் கண்ணில் படவில்லை.

“பிரைமர் அடிக்கலையா?”

“இல்லப்பா.”

“எல்லாத்தையும் சுரண்டு.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உப்புத்தாளோடு போனது. பிறகு ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்த பின் மெல்லிசாகத் தேய்ப்பு, அப்புறம் பச்சை, ரெண்டு கோட். வழிசல் இல்லை, பிரஷ் மயிர் ஒட்டவில்லை. தெருவில் எந்தப் பையனிடமும் அப்படி ஒரு நூல்கண்டு கிடையாது. பல்லுக்குள் பெயின்ட் நிரம்பி மழுங்கிப்போனதால் அது அதன்பின் புத்தகம் ஏறவில்லை என்பது வேறு விஷயம்.

நடுவில் நாற்பது வருஷத்தைச் சொல்ல ஒன்றுமில்லை. படிப்பு, உத்தியோகம், வீட்டுக் கடன். 2020-ல் ஊரே கதவைச் சாத்திக்கொண்டபோது மற்றவர்கள் மொட்டை மாடியில் கீரை வளர்த்தார்கள். நான் டாமியாவின் ஷெர்மன் டாங்கிப் பெட்டி ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். 1/35 அளவு. அந்த முப்பத்தைந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய ஆறுதல் கிடைத்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானில் ஷிஸுவோகா நகரத்து டாமியா, ஜெர்மன் பேந்தர் டாங்கியை மோட்டார் வைத்த பொம்மையாகச் செய்யப் பார்த்தது. உள்ளே பேட்டரி கொள்ள வேண்டும். பேட்டரிக்குத் தகுந்தபடி உடம்பை வைத்துவிட்டு, பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தால் நிஜத்தில் ஏறக்குறைய முப்பத்தைந்தில் ஒரு பங்கு வந்தது. இன்று உலகம் முழுக்கப் பல கம்பெனிகள் அதே அளவில் அச்சு வார்க்கின்றன. ஆணிக் கணக்கு அரை மில்லிமீட்டர் பிசகினால் மாடல்காரர்கள் சண்டைக்கு நிற்கிறார்கள். எல்லாம் ஒரு பேட்டரி போட்ட அளவு.

ஷெர்மனுக்குப் பிறகு ஆசை எங்கே போகும்? விஜயந்தாவுக்குத்தான். பெரிய பெட்டிக் கம்பெனிகளின் பட்டியலில் தேடிக் களைத்து, கடைசியில் 3டி பிரின்டரில் ரெசினாக அச்சடித்துத் தருகிற ஒருவரைப் பிடித்தேன். பீரங்கி நுனியிலிருந்து வால் வரை 28 சென்டிமீட்டர். வந்ததும் முதல் வேலையாகச் சக்கரத்தை எண்ணினேன். ஆறு. யாரும் தடுக்கவில்லை. சைக்கிளை நிறுத்தி ரோட்டைப் பார்த்துச் சொல்ல மறுத்த சமாசாரம் எல்லாம், சக்கர விட்டம் முதல் தகட்டின் கனம் வரை, இப்போது செல்போனில் கிடைக்கிறது.

அச்சு வரிகளைத் தேய்த்து, ஏர்பிரஷ்ஷில் பிரைமர் அடித்து வைத்திருந்த அன்று அப்பா அறைக்குள் வந்தார். 81 வயது. கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து பார்வை முன்னைவிடக் கூர்மை. அது எங்களுக்குத்தான் கஷ்டம். டாங்கியை விளக்கடியில் பிடித்துச் சாய்த்துப் பார்த்தார்.

“நல்லா வந்திருக்குடா. கோட்டிங் ஒரே சீரா இருக்கு.”

ஐம்பத்தேழு வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் நற்சான்றிதழ். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

மாடல் உலகத்தில் புது வண்டி அவமானம். 1980களில் பெல்ஜியத்து பிரான்சுவா வெர்லிண்டன், பிரஷ்ஷில் பெயின்டைத் துடைத்துவிட்டு மிச்சத்தால் விளிம்பை மட்டும் வருடி எடுக்கும் வித்தையைப் பிரபலமாக்கினார். பிற்பாடு ஸ்பெயின்காரர்கள் அழுக்கை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கிவிட்டார்கள். தகட்டின் நடுவை வெளுக்கவைத்து ஓரத்தைக் கருக்கவைக்க வேண்டும். இடுக்குகளில் மட்டும் பழுப்பு நீரை ஓடவிட வேண்டும். மழை வழிந்த கோட்டை ஆயில் பெயின்டில் ஒரு பொட்டு வைத்துக் கீழே இழுக்க வேண்டும். இதற்கெல்லாம் வெதரிங் என்று பேர். வெயிலும் மழையும் பத்து வருஷம் இலவசமாகச் செய்வதை நாலு மாதத்தில் காசு கொடுத்துச் செய்வது.

பெயின்ட் உரிந்த தோற்றத்துக்கு ஹேர் ஸ்பிரே வேண்டும். அடியில் துரு நிறம், மேலே ஹேர் ஸ்பிரே, அதன்மேல் பச்சை. காய்ந்ததும் தண்ணீர் தொட்டு முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தால் ஸ்பிரே கரைந்து பச்சை செதில் செதிலாக உதிரும். அழகு சாதனக் கடையில் போய்க் கேட்டேன். கடைப்பெண் என் தலையைப் பார்த்தாள். அதில் அவளுக்குப் பார்க்க எதுவும் இல்லை. “மேடத்துக்கா சார்?” என்றாள். “டாங்கிக்கு” என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், தண்ணீர்த் தொட்டிக்கு என்று அவள் நினைத்திருப்பாளோ என்று தோன்றியது.

அடுத்தது தூசி. பவுடராக பாட்டிலில் வருகிறது: ஐரோப்பாத் தூசி, வியட்நாம் மண், வளைகுடாப் போர் மணல். என் மனைவி காலையும் மாலையும் துடைத்து வாசலுக்குத் தள்ளுகிற அதே பொருள். “மாமா, இதைப் பாருங்க, பணம் குடுத்து மண்ணு வாங்கியிருக்காரு” என்று அப்பாவிடம் முறையிட்டாள். ராஜஸ்தான் போய்வந்த நண்பர் கொண்டுவந்த அசல் மணலைத் தூவிப் பார்த்தேன்; அசல்தான் பொய்யாகத் தெரிந்தது. அரை மில்லிமீட்டர் மணல் துணுக்கு, முப்பத்தைந்து மடங்கு பெருக்கினால், ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் ஜல்லி. டாங்கி கட்டட வேலை நடக்கும் மனையில் நிற்பதுபோல் இருந்தது. வளைகுடா மணலுக்கே திரும்பினேன்.

முடித்த அன்று அப்பாவைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து மடியில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பேசவில்லை.

“என்னடா பண்ணி வச்சிருக்கே?”

“ராஜஸ்தான்ல பத்து வருஷம் ஓடின வண்டிப்பா.”

“ஓடின வண்டியா? ட்ராக் முழுக்கத் துருவா இருக்கு. ஓடுற வண்டிக்கு ட்ராக் துருப்பிடிக்குமா? தரையில உரசுற பக்கம் வெள்ளித் தட்டு மாதிரி இருக்கும்டா. மழையில ஒரு ராத்திரி நின்னா லேசா செவக்கும். காலையில நூறு அடி ஓட்டினா போச்சு.”

நான் நோட்டை எடுத்துக்கொண்டேன்.

“டரெட் பக்கவாட்டுல எதுக்கு இத்தனை சுரண்டல்? அங்க யாரு போறா? ரெஜிமென்ட்காரன் வண்டியைத் தொடச்சுத் தொடச்சு வைப்பான். கொஞ்சம் உரிஞ்சா அன்னிக்கே பிரஷ்ஷோட வந்து நிப்பான். டீசல் ஊத்துற மூடியைச் சுத்திக் கறுப்பா இருக்கணும், அதுல தூசி அப்பியிருக்கணும். அங்க சுத்தமா விட்டிருக்கே.” கட்டை விரலால் கமாண்டர் மூடியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். “ரிப்பேருக்குன்னு ஒண்ணு திரும்பி வந்தது ஒரு தடவை. நான் அடிச்ச பச்சைதான். மேலே ஏறிப் பாத்தேன். வேற எங்கயும் பெயின்ட் போகலை. இந்த விளிம்புலயும் கைப்பிடியிலயும் மட்டும் போயிருந்தது. கை படுற இடம். உள்ளே டிரைவர் கால் வைக்கிற இடத்துல குதிகால் அளவுக்குத் தேஞ்சு இரும்பு தெரிஞ்சது. ஒரே ஆளு ரொம்ப நாள் ஓட்டியிருக்கான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன? சுரண்டிட்டுப் பிரைமர் அடிச்சேன்.”

தொழிற்சாலையைப் பற்றி அவர் என்னிடம் அவ்வளவு வார்த்தைகள் பேசியது அதுதான் முதல் தடவை. உற்சாகத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். துருவின் நிறம் மட்டும் சரியாக வந்திருக்கிறது அல்லவா என்று கேட்டேன்.

“நிறம் சரிதான். எதைப் பாத்துப் போட்டே?”

பால்கனியைக் காட்டினேன். இரண்டு வருஷமாக அந்தக் கிரில்லுக்கு நான் பெயின்ட் அடிக்கவிடவில்லை. மழைக்காலத்தில் எப்படிக் கொப்புளிக்கிறது, எங்கே ஆரஞ்சு, எங்கே கறுப்பு, வழிந்த கறை சுவரில் எத்தனை அங்குலம் இறங்குகிறது என்று போட்டோ எடுத்துத் தேதிவாரியாக வைத்திருந்தேன். எனக்கு அது மாதிரிப் படம். அப்பா எழுந்து போய் விரலால் ஒரு கம்பியைத் தட்டினார். செதில் ஒன்று உதிர்ந்து தொட்டிச் செடியில் விழுந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் எமரித் தாளோடு பால்கனியில் நின்றேன். அப்பா நாற்காலியைக் கதவோரம் போட்டு, விஜயந்தாவை மடியில் வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். கட்டை விரல் அதே விளிம்பில். வளைகுடா மணல் அந்த இடத்தில் எப்போதோ போய்விட்டது. பச்சையும் போக ஆரம்பித்திருந்தது.

மத்தியானம் நாலாவது கம்பியில் கை ஓய்ந்தது. மிச்சத்தின் மேல் அப்படியே பெயின்ட் அடித்துவிடலாமா என்று கேட்டேன்.

“ரெட் ஆக்சைடு அரை லிட்டர் வாங்கிட்டு வா” என்றார். “அந்த 35 மில்லி பாட்டில் கடையில இல்லே. ஹார்டுவேர் கடையில.”