வகுப்பு லீடர்

ஆசிரியர் வராத பீரியடில் சாக்பீஸ் துண்டும் கையுமாகக் கரும்பலகைக்கு முன்னால் நிற்கும் மாணவனே வகுப்பு லீடர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இந்தப் பதவிக்குத் தேர்தல் அபூர்வம். ஆசிரியரின் விரல் யாரை நோக்கி நீள்கிறதோ அவன்தான் லீடர். முதல் மதிப்பெண் வாங்குபவன், உயரமானவன், சில சமயம் வாயை அடைப்பதற்காகவே வகுப்பின் பெரிய வாயாடி. இருபாலர் பள்ளி என்றால் ஆண் ஒன்று, பெண் ஒன்று. இருவருமே எதிர்வரிசைப் பெயர்களைத்தான் எழுதுவார்கள்.

மற்ற நேரங்களில் அவன் கூலியில்லாச் சுமைதூக்கி. நோட்டுகளை அடுக்கி ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும், போர்டு அழிக்க வேண்டும். "பேசறவங்க பேரை எழுதி வைடா" என்று சொல்லிவிட்டு ஆசிரியர் வாசலைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. சட்டமும் சாட்சியும் தீர்ப்பும் அவனே. "நான் பேசவே இல்லடா" என்று முறையிடுபவன், அதையும் பேசித்தான் சொன்னான் என்பதால் குற்றவாளி ஆகிறான். மறுபடி முறையிட்டால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி, அதற்கும் மேல் போனால் 'அடங்கவில்லை'.

பெயரை அழிக்க விலை உண்டு. கடலை மிட்டாய்க்கு ஒரு பெருக்கல் குறி குறையும். மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தைக்குப் பெயரே மறையும். நேற்று கிரிக்கெட்டில் அவனை முதல் பந்திலேயே அவுட்டாக்கியவனிடம் மட்டும் எந்தப் பண்டமும் செல்லாது. உயிர் நண்பன் உரக்கச் சிரித்தாலோ லீடருக்குக் காது கேட்காது. பீரியட் முடிந்ததும் அந்தச் செவிடு தானே குணமாகிவிடும்.

1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் பிலிப் ஜிம்பார்டோ சில மாணவர்களைச் சிறைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கவைத்தார். காவலர்கள் ஆடிய ஆட்டத்தில், இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்ட சோதனை 6 நாளில் நின்றது. காவலர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் என்று பின்னாளில் அதைக் குறை கூறினார்கள். நம் லீடருக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 6 நிமிடம் போதும்.

பட்டியலில் இருப்பவர்களுக்கு முன்பெல்லாம் பிரம்படி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் அதைத் தடை செய்துவிட்டது. பட்டியலைத் தடை செய்யவில்லை.

இரைச்சல் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும்போது, "பேசாதீங்கடா!" என்று கத்தும் லீடரின் குரல்தான் அங்கே ஓங்கிக் கேட்கும். அவன் பெயர் மட்டும் பலகையில் இருக்காது.