கேளுங்கள், கணக்குப் போட்டுச் சொல்கிறேன்

கேள்வி: எட்டு செமஸ்டர் எஸ்ஜிபிஏவையும் கூட்டி எட்டால் வகுத்தேன். பல்கலைக்கழகம் கொடுத்த சிஜிபிஏ அதைவிடக் குறைவாக இருக்கிறதே?
- கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: பொன்னி அரிசி கிலோ 50 ரூபாய்க்கு 20 கிலோ, பாசுமதி கிலோ 150 ரூபாய்க்கு 2 கிலோ வாங்கிவிட்டு, "சராசரி கிலோ 100 ரூபாய்" என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அன்றோடு கடைக்குப் போகும் வேலை உங்களுக்கு மிச்சம்! 22 கிலோவுக்கு 1,300 ரூபாய். கிலோ 59 ரூபாய்ச் சொச்சம்தான்.

மார்க் ஷீட்டில் அந்த எடைக்குப் பெயர் கிரெடிட். ஒரு செமஸ்டரில் 25 கிரெடிட்டுக்கு 7.2, இன்னொன்றில் 15 கிரெடிட்டுக்கு 9.2 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் போட்டபடி போட்டால் 8.2. ஆனால் 25-ஐ 7.2-ஆல் பெருக்கினால் 180; 15-ஐ 9.2-ஆல் பெருக்கினால் 138. இரண்டும் சேர்ந்து 318. அதை 40-ஆல் வகுத்தால் 7.95. பாடம் குறைந்த செமஸ்டரில் மதிப்பெண் எகிறியிருந்தால் இப்படித்தான் ஆசை காட்டும். பாதியில் கல்லூரி மாறியவர்களுக்கும் இதே வழிதான்: இரண்டு சராசரிகளைக் கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்குவதிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் பேத்தி முதலில் கம்யூனிட்டி கல்லூரியிலும் பிறகு பல்கலைக்கழகத்திலும் படித்தாள். மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, மதிப்பெண் குறைந்த முதல் பட்டியலை விட்டுவிடலாமா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கூடவே கூடாது, ஐயா. அங்கே எம்.டி. பட்டம் தரும் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்கு ஏஎம்சிஏஎஸ் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாகத்தான் விண்ணப்பம் போகிறது. பள்ளியில் இருந்தபடியே எடுத்த கல்லூரிப் பாடம் உட்பட எல்லாவற்றையும் அது கேட்கும். தோற்ற பாடத்தைத் திரும்பப் படித்துத் தேறியிருந்தால், இரண்டு முயற்சியும் கணக்கில் ஏறும். மறைத்தது தெரிந்தால், குறைந்த மதிப்பெண்ணைவிட அதுதான் பெரிய சேதம்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிறுவனம் செமஸ்டர் முறையிலும் மற்றது குவார்ட்டர் முறையிலும் நடந்திருந்தால், 45 குவார்ட்டர் கிரெடிட் 30 செமஸ்டர் கிரெடிட்டுக்குத்தான் சமம். மாற்றாமல் கூட்டுவது படியையும் லிட்டரையும் ஒன்றாக அளப்பது போல.

கேள்வி: பத்துக்கு வாங்கிய புள்ளியை நான்குக்கு மாற்ற, 0.4-ஆல் பெருக்கினால் போதாதா?
- பொறியாளர், ஓசூர்

பதில்: போதாது. யுஜிசியின் பத்துப் புள்ளி அளவுகோலில் 8 என்றால் 'மிக நன்று'. பெருக்கினால் 3.2. அமெரிக்காவில் வழக்கமாக பி பிளஸ்ஸுக்கே 3.3 தருகிறார்கள். உழைத்து வாங்கிய 'மிக நன்று' உங்கள் கையாலேயே ஒரு படி இறங்கிவிடும். மாற்றித் தரும்படி விண்ணப்பம் கேட்காதவரை, "10-க்கு 8" என்றே எழுதுங்கள்.