மேல்முறையீடு என்னும் அருமருந்து

விபத்தில் காலொடிந்த ராஜபாளையத்துக்காரருக்கு எலும்பு சில மாதங்களில் ஒட்டிவிடும். என்ன அவசரமோ! இழப்பீடு நிதானமாக வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் தீர்ப்பாயம், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பிறகு டெல்லி. கால் தேற இதைவிட நல்ல நடைப்பயிற்சி ஏது?

மருத்துவக் கவனக்குறைவு வழக்கென்றால் பலன் இன்னும் அதிகம். எழும்பூர் அரசு மருத்துவமனையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை தேவை என்று யாரும் சொல்லவில்லை, பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 2009இல் 5 லட்சம் என்றது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2015இல் சுமார் 1.8 கோடி என்றது. எந்த வங்கி தரும் இந்த வளர்ச்சியை? குழந்தையும் சும்மா இருக்கவில்லை, அதற்குள் 18 வயதாகிவிட்டது.

ஆகவே பெரியவர்களே, அடிபடுவதைத் தயவுசெய்து இளைஞர்களுக்கு விட்டுக்கொடுங்கள். உங்கள் ஆயுள் மேல்முறையீட்டைத் தாங்காது.