அடுப்படிக்கு முதலில் யார்?

கேள்வி: தை மாதம் புது வீட்டில் பால் காய்ச்சுகிறோம். சிம்னி, இண்டக்‌ஷன் அடுப்பு, கிரைண்டர் எல்லாம் வாங்கியாச்சு. மாட்டுவதற்கு யாரை முதலில் கூப்பிடுவது?
– வாசகி, கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: டைல்ஸ் ஒட்டுகிறவருக்கு முன்னால் எலக்ட்ரீஷியனை. ஒட்டியாகிவிட்டது என்றால், கம்பெனி ஆளுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனை! கம்பெனி ஆள் வருவார், காபி குடிப்பார், “பாயின்ட் இல்லையேம்மா” என்று போய்விடுவார்.

பெரியாறு அணைத் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் இறங்கி, உங்கள் பக்கத்து லோயர் கேம்ப்பில்தான் மின்சாரமாகிறது. அதற்காக 6 ஆம்பியர் பிளக்கில் 2000 வாட் அடுப்பைச் செருகிவிடாதீர்கள். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பாயின்ட், தனி லைன், ஒழுங்கான எர்த் வேண்டும். கிரைண்டருக்கும் எர்த் முக்கியம். ஈரக் கையோடு மாவு தள்ளுவது நீங்கள்தானே?

சிம்னி அடுப்புக்கு மேலே இரண்டு, இரண்டரை அடி உயரத்தில் இருக்கட்டும். புகைக்குழாய்க்கான ஓட்டையை மாடல் பார்த்துப் போடச் சொல்லுங்கள். அது பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு ஊருக்கே தெரியவேண்டியதில்லை.

கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்றிவிட்டீர்களா? இல்லையென்றால், அதற்கு முதலில் எழுதிக் கொடுங்கள். இலவச யூனிட் வீட்டு இணைப்புக்குத்தான்.

பால் காய்ச்ச மட்டும் யாரும் வரவேண்டாம். மூன்று செங்கல் போதும்.