பாதம் பேசினால் கேளுங்கள்

பழனிக்குப் பாதயாத்திரை கிளம்புகிறேன். புது ஷூ வாங்கியாகிவிட்டது. இனிமேல் கால் வலிக்காதுதானே?
*- காரைக்குடி வாசகர்*

நீங்கள் மாலை போட்டீர்கள், விரதம் இருந்தீர்கள். ஷூவை எத்தனை நாள் நடக்கப் பழக்கினீர்கள்? புதுச் செருப்பு கடிக்கும் என்பது கல்யாண மாப்பிள்ளைக்கே தெரியும். சில வாரங்களாவது போட்டு நடந்து பாருங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். விரலுக்கு முன்னால் கொஞ்சம் இடம் இருக்கட்டும்.

வழியில் கொப்புளம் வந்தால் குத்திவிடலாமா?
*- திருப்பத்தூர் வாசகி*

சின்னக் கொப்புளத்தைத் தொடாதீர்கள். அதை மூடியிருக்கும் தோலைவிட நல்ல கட்டு எந்த மருந்துக்கடையிலும் கிடைக்காது. எரிச்சல் தொடங்கியதுமே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டுங்கள், ஈரக் காலுறையை மாற்றுங்கள். ‘அடுத்த ஊரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்பவருக்குத்தான் அடுத்த ஊர் ரொம்ப தூரமாகிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் காயம் பட்டாலும் வலி தெரியாமல் போகலாம். தயவுசெய்து வெறுங்காலில் நடக்காதீர்கள். தினமும் இரவு உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கூட வருபவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அறுபதைத் தாண்டியவர்களுக்கு எதற்கு இந்த நெடுநடை?
*- மதுரை வாசகர்*

பதினோரு பிள்ளைகளைப் பெற்ற எம்மா கேட்வுட்டிடம் கேட்க வேண்டிய கேள்வி! 1955இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தவர். 3,000 கிலோமீட்டருக்கு மேல். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ.

வயது தடையில்லை. ஆனால் காலையில் வைக்கும் முதல் அடியிலேயே குதிகால் குத்தினால், கிளம்பும் முன் மருத்துவரைப் பாருங்கள்.