சாமல்பட்டியில் ‘கனா காணும் காலங்கள்’: ஓர் உரைமரபு ஆராய்ச்சி

ஆய்வாளர்கள் சாமல்பட்டிக்கு வருவதெல்லாம் கல் பார்க்கத்தான். கார்பனடைட் என்னும் அரிய பாறை இங்கே தலைகாட்டுவதால், நிலவியலார் சுத்தியலும் பையுமாக வருகிறார்கள். தட்டிப் பார்த்துப் பொட்டலம் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதே ஊரில் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கும் தொலைக்காட்சி விமர்சனத்தை மட்டும் ஒருவரும் இதுவரை தட்டிப் பார்த்ததில்லை. அக்குறை நீக்கவே இக்கட்டுரை எழுந்தது.

பாயிர மரபுப்படி எல்லை சொல்லிவிடுவோம். இடத்தெல்லை: கிருஷ்ணகிரி மாவட்டம், ஊத்தங்கரை வட்டம், சாமல்பட்டி. நூல்: விஜய் டிவியில் 2006இல் தொடங்கிய ‘கனா காணும் காலங்கள்’. பள்ளிப் பிள்ளைகளின் நட்பு, காதல், கலாட்டா, அழுகை எல்லாம் கலந்த தொடர். ‘7ஜி ரெயின்போ காலனி’யில் நா. முத்துக்குமார் எழுதிய பாட்டின் தொடக்கமே இதற்குப் பெயர். பயன்: ஒன்றும் இல்லை, முனைவர் பட்டத்துக்கு வேண்டுமானால் ஆகும்.

காலச் சூழலை ஆராயாமல் கருத்தை ஆராய முடியாது. அதே 2006 செப்டம்பரில்தான் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி வீடு வந்து சேர்ந்தது. பூவேலை செய்த துணி ஒன்று அதன் தலைமேல் ஏறியது. மறு ஆண்டே தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு ஒழிந்தது. இனி பிளஸ் டூவின் 1200 மார்க்தான் தலையெழுத்து என்றாயிற்று. ஆக, டிவி வீட்டுக்குள் வந்ததும் அதை அணைப்பதற்கான காரணம் வந்ததும் ஏறத்தாழ ஒரே நேரத்தில். ஊத்தங்கரைப் பக்கம் இந்த இரண்டாவது வரவுக்கே மரியாதை அதிகம். பிற்பாடு மாநில ரேங்க் பட்டியலில் ஊத்தங்கரையின் பெயர் வரவும் செய்தது. 2017இல் அரசு ரேங்க் அறிவிப்பையே நிறுத்திவிட்டது என்பது வேறு கதை.

இதிலிருந்து பிறப்பதே நமது முதற்கோள்: பள்ளிப் பருவத்தாரைப் பற்றிய தொடரை அப்பருவத்தார் நீங்கலாக மற்ற எல்லோரும் பார்த்தனர்.

அவர்தம் கருத்துகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வருகைப் பதிவேட்டு நெறியினர். ‘எந்த ஸ்கூல்லப்பா இத்தன பீரியடு வாத்தியார் வராம இருக்காரு?’ என்பதே அவர்களின் ஒரே கேள்வி. கதை அதைத் தாண்டி நகர அவர்கள் அனுமதிப்பதில்லை. பாட்டிமார் மெய்ப்பாட்டு நெறியினர். கதாநாயகி காதலால் வாடினாலும் பரீட்சையால் வாடினாலும் ‘அந்தப் பொண்ணு காலைல சாப்புடல போல’ என்று ஒரே முடிவுக்கு வருவர். மாங்கூழ் ஆலைக்குப் போகும் பெண்கள் சீசனில் தொடரைப் பார்ப்பதில்லை. மறுநாள் ஆலை வண்டியில் கதை கேட்பார்கள். வண்டியில் கேட்ட கதையே டிவியில் வந்ததைவிட நன்றாக இருந்தது என்பது அவர்களின் துணிபு. நானும் அக்கட்சியே.

இப்படி வெளியே இருந்து உரை சொல்லும் வழக்குக்கு ஓர் ஒப்புமை: 2020இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரில், கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவியின் மனசில் ஓடுவதை டென்னிஸ் வீரர் ஜான் மெக்கன்ரோ எடுத்துச் சொல்லுவார். இதைப் புதுமை என்று பலர் மெச்சினர். கதைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் வயசுப் பெண்ணின் மனசுக்கு உரை சொல்வது எங்கள் பக்கம் புதுமை அன்று. எதிர்வீட்டுப் பெரியம்மா அதைக் கையில் மட்டை இல்லாமலே செய்துவருகிறார்.

இனி நடுப்பொருள். பிளஸ் டூ பையன் இருக்கும் வீட்டில் கேபிளைப் பிடுங்கிவிடுவதே விதி. ஆனால் விதிவிலக்கு ஒன்று இருந்தது. பையன் உள்ளறையில் கெமிஸ்ட்ரி உருப்போடுவான். கூடத்தில் அம்மா சத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கிவிட்டு, பிளாஸ்டிக் உறை கழற்றாத ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு தொடரைப் பார்ப்பார். வசனம் கேட்காது. அந்தக் குறையை அம்மாவின் வாய் தீர்த்துவைக்கும். ‘ச்சு.’ ‘வேணும், உனக்கு நல்லா வேணும்.’ ‘அடப்பாவி!’ ‘அதான் நேத்தே சொன்னேனே.’

கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குப் படமும் இல்லை, வசனமும் இல்லை. விமர்சனம் மட்டும் வந்து சேரும். அவன் அதிலிருந்து கதையைத் தோண்டி எடுப்பான். ஒற்றை ‘ச்சு’ என்றால் காதல் தோல்வி. இரட்டை என்றால் யாரோ ஒரு தாய் அழுகிறாள். ‘அடப்பாவி’ நீண்டு ஒலித்தால் கடிதம் வாத்தியார் கையில் சிக்கிவிட்டது. சத்தமே இல்லையென்றால் விளம்பரம். அல்லது அம்மா எழுந்து வருகிறாள், புத்தகத்தைத் திருப்ப வேண்டும்.

‘தொடரைப் பார்க்காதவன் சொல்வது எப்படிக் கருத்தாகும்?’ என்பாரும் உளர். அவர்க்கு விடை: அதியமானின் தகடூர்ப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்றொரு நூல் இருந்தது. முழு நூல் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் நச்சினார்க்கினியர் உரையிலும் சில பாடல்கள் எஞ்சின. அவற்றைக் கொண்டே புலவர்கள் நூலின் சிறப்பை விரித்து எழுதவில்லையா? தகடூர் என்பது இன்றைய தருமபுரி. 2004 வரை சாமல்பட்டியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. நூல் போய் உரை மட்டும் மிஞ்சுவது இந்த மண்ணுக்கு ஒன்றும் புதிதல்ல.

அக்காலப் பிளஸ் டூ பிள்ளைகள் இன்று முப்பத்தைந்தைத் தொட்டவர்கள். பலர் ஓசூர் கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிறார்கள். 2022இல் அதே பெயரில் புதுத் தொடர் ஹாட்ஸ்டாரில் வந்தபோது, யாரும் கேபிளைப் பிடுங்க முடியாத வயதில், கம்பெனி பஸ்ஸில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் ஒருமித்த தீர்ப்பு: பழசுக்குக் கிட்டகூட வராது.

பழசில் அப்படி என்ன இருந்தது என்று ஒருவரைக் கேட்டால் முகம் மலர்கிறது. ‘அந்த வாத்தியார் லெட்டரைப் புடிக்கிற சீன் ஒண்ணு வரும் பாருங்கண்ணா, எங்கம்மாவே அடப்பாவின்னு கத்திடுச்சு.’ பக்கத்து சீட்டுக்காரர் உடனே யூடியூபில் தேடத் தொடங்கினார். பஸ் கம்பெனி கேட்டுக்குள் நுழையும்வரை அந்த சீன் அகப்படவில்லை. எபிசோடு நம்பர் தெரிந்தால் சொல்லுங்கள் என்றார். ‘அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று பஞ்ச் அடிக்க ஓடினார் இவர்.